கிருபையும் மீட்பும்: சபைகள் எங்கே பிரிகின்றன? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

"நீங்கள் இரட்சிக்கப்பட்டுவிட்டீர்களா?" என்று ஒரு பாப்டிஸ்ட்டிடம் கேட்டால், எந்த வருடம், எந்தக் கூட்டத்தில் என்பது வரை அவர் சொல்லக்கூடும். ஒரு கத்தோலிக்கர் கொஞ்சம் யோசித்து, "கடவுளின் இரக்கத்தை நம்பியிருக்கிறேன்" என்பார். மெதடிஸ்ட் ஒருவர் "ஆமாம், ஆனால் வேலை இன்னும் முடியவில்லை" என்பார். ஓர் ஆர்த்தடாக்ஸ் குருவுக்குக் கேள்வியே விநோதமாகப் படும். வாழ்நாள் முழுக்க நடப்பதை முடிந்துவிட்டதா என்று கேட்கிறார்களே என்று நினைப்பார். இத்தனைக்கும் நால்வரும் வாசிப்பது பவுலின் அதே கடிதங்களைத்தான்.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று புதிதாகத் தெரிந்துகொள்ள விரும்புபவர்களுக்காக இதை எழுதுகிறேன். புதிதாக ஒரு சபைக்குப் போகத் தொடங்கியவராக இருக்கலாம், வேறு சபைக் குடும்பத்தில் திருமணம் செய்தவராக இருக்கலாம், நம்பிக்கை எதுவும் இல்லாமல் ஆர்வத்தால் படிப்பவராகவும் இருக்கலாம். எது சரி என்று தீர்ப்பு சொல்வது என் வேலை இல்லை. எந்தக் கேள்வியை எந்த வரிசையில் கேட்டால் குழப்பம் குறையும் என்பதை மட்டும் சொல்கிறேன். கிருபை என்றாலும் அருள் என்றாலும், இரட்சிப்பு என்றாலும் மீட்பு என்றாலும் ஒன்றேதான்; சபை வழக்குக்கு ஏற்ப இரண்டையும் கலந்தே எழுதுகிறேன்.

1. "விசுவாசமா, கிரியையா" என்று தொடங்காதீர்கள்

பெரும்பாலான அறிமுகங்கள் இப்படித்தான் ஆரம்பிக்கும்: புராட்டஸ்டண்டுகள் விசுவாசத்தால் மீட்பு என்கிறார்கள், கத்தோலிக்கர்கள் நற்செயல்களால் மீட்பு என்கிறார்கள். கேட்கச் சுலபமாக இருக்கிறது. ஆனால் எந்தப் பெரிய சபையும் தன்னைப் பற்றி இப்படிச் சொன்னதில்லை.

ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெலாகியுஸ் என்பவர் ரோமில் போதித்துவந்தார். பிரிட்டனிலிருந்து வந்த துறவி. கடவுள் கட்டளை கொடுத்திருக்கிறார் என்றால் அதை நிறைவேற்றும் திறனையும் இயல்பிலேயே கொடுத்திருக்க வேண்டும், மனிதன் மனது வைத்தால் போதும் என்பது அவர் போதனையின் சாரம். வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகரின் ஆயராக இருந்த அகுஸ்தீன் (354–430) இதைக் கடுமையாக எதிர்த்தார். மனது வைப்பதற்கே கிருபை வேண்டும், ஏனென்றால் அந்த மனதே காயப்பட்டுக் கிடக்கிறது என்றார். 418-ல் ஆயர்கள் கூடிய கார்த்தேஜ் சங்கம் பெலாகியுஸின் போதனையைத் தள்ளியது. 431-ல் எபேசு பொதுச்சங்கம் அவருடைய தோழர் செலஸ்தியுஸின் பக்கம் நின்றவர்களைக் கண்டித்தது. "முதல் அடியை நாம் எடுத்து வைக்கிறோம், அப்புறம் கடவுள் கை கொடுக்கிறார்" என்ற மிதமான வடிவம் ஒன்றும் இருந்தது. அதையும் 529-ல் இன்றைய பிரான்சின் தெற்கில் கூடிய ஆரஞ்ச் சங்கம் ஏற்கவில்லை.

இனி ஆயிரம் ஆண்டுகள் தாண்டி வாருங்கள். ஜெர்மானியத் துறவி மார்ட்டின் லூத்தர் தொடங்கி, புராட்டஸ்டண்டு சபைகள் பிறக்கக் காரணமான சீர்திருத்தத்துக்குப் பதில் சொல்லக் கத்தோலிக்கத் திருச்சபை திரெந்து நகரில் சங்கம் கூட்டியது (1545–1563). அதன் ஆறாவது அமர்வு, 1547 ஜனவரி 13 அன்று, மனிதன் கடவுள்முன் நீதிமானாக்கப்படுவது பற்றி 33 விதிகளை வெளியிட்டது. முதல் விதி யாருக்கு எதிரானது தெரியுமா? கிறிஸ்து வழியாக வரும் கிருபை இல்லாமல் தன் சொந்தச் செயல்களால் மனிதன் நீதிமானாக முடியும் என்று சொல்பவருக்கு எதிரானது. லூத்தரை மறுக்க உட்கார்ந்தவர்கள் முதலில் மறுத்தது பெலாகியுஸை.

ஆகவே "அவர்கள் சொர்க்கத்தைச் சம்பாதிக்கப் பார்க்கிறார்கள்" என்று யாராவது கத்தோலிக்கரைப் பற்றி எழுதியிருந்தால், அல்லது "அவர்களுக்கு எப்படி வாழ்ந்தாலும் பரவாயில்லை" என்று புராட்டஸ்டண்டுகளைப் பற்றி எழுதியிருந்தால், அந்தப் பக்கத்தை மூடிவிட்டு வேறு ஏதாவது வாசியுங்கள். கிருபை இல்லாமல் மீட்பு இல்லை என்பதில் கிழக்கும் (ஆர்த்தடாக்ஸ்) மேற்கும் (கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும்) ஒன்று. அந்தக் கிருபை எப்படி வேலை செய்கிறது என்பதில்தான் பிரிகிறார்கள்.

2. மீட்பு எந்தக் காலத்தில் நடக்கிறது என்று கேளுங்கள்

புதிய ஏற்பாட்டிலேயே இந்தச் சொல் மூன்று காலங்களிலும் வருகிறது. எபேசியர் 2:8-ல் மீட்கப்பட்டாயிற்று. 1 கொரிந்தியர் 1:18-ல் மீட்கப்பட்டுக்கொண்டிருக்கிறார்கள். ரோமர் 5:9-ல் இனிமேல் மீட்கப்படுவோம். ஒவ்வொரு மரபும் மூன்றையும் ஏற்கிறது. ஆனால் "மீட்பு" என்று மொட்டையாகச் சொல்லும்போது எதை நினைக்கிறார்கள் என்பது மாறும்.

சுவிசேஷ சபைகளில் பெரும்பாலும் முடிந்த செயலைத்தான் நினைப்பார்கள். மனந்திரும்பி விசுவாசித்த நொடியில் நடந்தது அது. அதற்குப் பிறகு வரும் வளர்ச்சிக்கு அவர்களிடம் வேறு பெயர் இருக்கிறது: பரிசுத்தமாக்கப்படுதல். கடைசியில் வருவதற்கு மகிமைப்படுத்தப்படுதல். கத்தோலிக்கரும் ஆர்த்தடாக்ஸ் சபையினரும் இந்த மூன்றையும் சேர்த்த முழுப் பயணத்தையே மீட்பு என்கிறார்கள். "மீட்புக்கு நற்செயல் வேண்டுமா?" என்ற கேள்விக்கு ஒருவர் வேண்டாம் என்றும் இன்னொருவர் வேண்டும் என்றும் சொன்னால், இருவரும் ஒரே விஷயத்தைப் பற்றித்தான் பேசுகிறார்களா என்று முதலில் பாருங்கள். பரிசுத்த வாழ்க்கை இல்லாமல் விசுவாசம் உயிரோடு இருக்குமா என்று அந்த முதல் ஆளிடமே கேட்டுப் பாருங்கள். இருக்காது என்பார். பாதிச் சண்டை இங்கேயே கரைந்துவிடும். மீதிப் பாதி கரையாது. அது நிஜமான சண்டை.

3. நோய் என்னவென்று கண்டுபிடியுங்கள்

கிருபை என்ன செய்கிறது என்பது, மனிதனுக்கு என்ன கெட்டுப்போயிற்று என்று நினைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. இந்தப் படியைத் தாண்டிப் போனால் பின்னால் எதுவும் விளங்காது.

மேற்கில் அகுஸ்தீனின் நிழல் நீளமானது. ஆதாமின் வீழ்ச்சியில் மனித குலம் முழுவதும் குற்றத்துக்குள் விழுந்தது, ஆசைகள் திரிந்தன என்பது அவர் படம். இன்றைய கத்தோலிக்கப் போதனை இதைச் சற்று நுட்பமாகச் சொல்கிறது: பிறக்கும் குழந்தை தனிப்பட்ட குற்றம் செய்ததாக ஆகாது, ஆதியில் இருந்த புனித நிலையை இழந்த இயல்போடு பிறக்கிறது. அந்த இயல்பு காயப்பட்டது, முழுதாக அழிந்துவிடவில்லை. லூத்தரும், சீர்திருத்த சபைகள் என்ற புராட்டஸ்டண்டு மரபின் முன்னோடியான கால்வினும் இன்னும் ஆழமாகப் போனார்கள். மனிதனின் விருப்பமே கட்டுண்டு கிடக்கிறது, கடவுளை நோக்கித் தானாகத் திரும்பாது என்றார்கள். கால்வின் வழிவந்தவர்கள் சொல்லும் "முழுச் சீர்கேடு" என்பதை எல்லா மனிதரும் முடிந்த அளவு கொடியவர்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பாவம் தொடாத மூலை மனிதனுக்குள் எதுவும் இல்லை என்பதே அதன் பொருள்.

கிழக்கில் படம் வேறு. ஆதாமிடமிருந்து நமக்கு வந்தது அவனுடைய குற்றம் இல்லை, அதன் விளைவு. அதாவது மரணமும் அழிவும். மரண பயத்தில் வாழும் மனிதன் பாவத்துக்குள் போய்க்கொண்டே இருக்கிறான். அதனால் ஆர்த்தடாக்ஸ் பாஸ்கா (உயிர்ப்புப் பெருவிழா) வழிபாட்டில் திரும்பத் திரும்பப் பாடப்படுவது கிறிஸ்து மரணத்தை மிதித்ததைப் பற்றித்தான். கடன் தீர்ந்ததைப் பற்றியோ தண்டனை நிறைவேறியதைப் பற்றியோ அவ்வளவு பேச்சு இருக்காது.

மேற்கு நீதிமன்றம், கிழக்கு மருத்துவமனை என்று சுருக்கிச் சொல்வது வழக்கம். ஞாபகம் வைத்துக்கொள்ள உதவும், ஆனால் அதைப் பிடித்துத் தொங்காதீர்கள். கத்தோலிக்கர் ஒப்புரவு அருட்சாதனத்தை, அதாவது குருவிடம் பாவத்தை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறுவதை, குணமாக்குதல் என்றே அழைக்கிறார்கள். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி மீட்பை ஆன்மாவின் சுகம் என்று பேசியவர். கடைசி நியாயத்தீர்ப்பு ஆர்த்தடாக்ஸ் ஜெபங்களில் நிறையவே இருக்கிறது.

4. கிருபை என்பது எது? கடவுளின் மனதா, நமக்குள் வரும் உயிரா?

நான்கு பதில்களைக் கேட்பீர்கள்.

லூத்தரன் மரபில் கிருபை முதலில் கடவுளின் தயவு, அவர் நம்மைப் பார்க்கும் பார்வை. கிறிஸ்துவுக்காக அவர் நம்மை ஏற்றுக்கொள்கிறார். எனவே ஆறுதல் தேடுபவர் தன் உள்ளத்தைத் தோண்டிப் பார்க்கக் கூடாது. சிலுவையைப் பார்க்க வேண்டும். லூத்தர் துறவியாக இருந்தபோது எவ்வளவு பாவசங்கீர்த்தனம் செய்தும் நிம்மதி வராமல் தவித்தவர் என்பது தெரிந்தால் இது எதனால் அவருக்கு அவ்வளவு முக்கியமாயிற்று என்று புரியும்.

கத்தோலிக்க மரபில் அருள் என்பது கடவுளின் தயவோடு நிற்பதில்லை. அவருடைய வாழ்வில் நமக்குக் கிடைக்கும் பங்கு அது. 13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் இதை ஆன்மாவுக்குள் கடவுள் ஊற்றும் ஒரு நிலையான பண்பாக விளக்கினார். ஆன்மாவில் தங்கி அதைப் புனிதப்படுத்தும் அருள் ஒன்று, அந்தந்த நேரத்தில் நன்மை செய்யத் தூண்டித் தாங்கும் உதவி அருள் இன்னொன்று என்று பிரித்துப் பேசுவார்கள். கத்தோலிக்கர் ஒருவர் "அருள் நிலையில் இருக்கிறேன்" என்றால் முதலாவதைச் சொல்கிறார்.

ஆர்த்தடாக்ஸ் மரபு இந்த இரண்டுக்கும் தலையசைக்காது. அவர்களுக்குக் கிருபை படைக்கப்பட்ட ஒரு பொருளே இல்லை. அது கடவுளேதான், அவருடைய ஆற்றல்களில். கிரகோரி பாலமாஸ் (1296–1359) இதை விளக்கினார்: கடவுளின் உள்ளியல்பை எவரும் தொட முடியாது, ஆனால் அவர் தம் ஆற்றல்களால் தம்மையே நமக்குத் தருகிறார், மலைமேல் இயேசுவிடம் சீடர்கள் கண்ட உருமாற்ற ஒளி அப்படிப்பட்டது. கான்ஸ்டான்டிநோப்பிளில் 1341-லும் 1351-லும் கூடிய சங்கங்கள் அவர் பக்கம் நின்றன. இதன் முடிவுதான் தெயோசிஸ், அதாவது தெய்வமயமாதல். கடவுள் மனிதரானது மனிதர் தெய்வத்தன்மை அடையவே என்று நான்காம் நூற்றாண்டிலேயே அத்தனாசியுஸ் எழுதியிருக்கிறார். 2 பேதுரு 1:4-ஐ இவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். மனிதன் கடவுளாகவே மாறிவிடுகிறான் என்று இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. படைத்தவர் படைத்தவரே, படைக்கப்பட்டவன் படைக்கப்பட்டவனே. ஐக்கியம் மட்டும் உண்மையானது. (இந்தக் கருத்தைப் புதுமையான ஆன்மிகம் என்று நினைத்து மிரளும் புராட்டஸ்டண்டுகளையும், இதை வைத்து மற்ற எல்லாச் சபைகளையும் ஆழமற்றவை என்று ஒதுக்கும் ஆர்வலர்களையும் இணையத்தில் நிறையச் சந்திப்பீர்கள். இரண்டு பேரையும் கடந்து போய்விடலாம்.)

நான்காவது வெஸ்லி. ஆங்கிலிகன் குருவாக இருந்த இவர் 1738 மே 24 மாலை லண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெருக் கூட்டமொன்றில், ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரை வாசிக்கப்படுவதைக் கேட்டு உள்ளம் மாறியவர். கிருபை மனிதனுக்கு முன்னால் போய்க் காத்திருக்கிறது என்பது அவர் அழுத்திச் சொன்னது. எல்லா மனிதருக்கும் கொடுக்கப்பட்டிருக்கும் இந்த முந்திச் செல்லும் கிருபைதான், கட்டுண்ட மனிதனை "சரி" அல்லது "மாட்டேன்" என்று பதில் சொல்லக்கூடியவனாக்குகிறது. அப்புறம் நீதிமானாக்கும் கிருபை, பின்பு பரிசுத்தமாக்கும் கிருபை. அன்பில் பூரணமாவது இந்த வாழ்க்கையிலேயே சாத்தியம் என்றுகூட அவர் போதித்தார்.

5. 1517 முதல் 1999 வரை: சண்டை நிஜமாக எதைப் பற்றி?

இங்கே கொஞ்சம் நிதானமாக நடக்க வேண்டும். இது தெளிந்தால் மற்றவை சுலபம்.

1517-ல் லூத்தர் 95 கருத்துரைகளை எழுதியது பாவத் தண்டனைக் குறைப்புச் சீட்டுகளின் விற்பனைக்கு எதிராக. அந்த விவகாரத்தின் அடியில் இருந்த கேள்வி மெல்ல வெளியே வந்தது: பாவியான நான் கடவுள்முன் எந்த அடிப்படையில் நிற்கிறேன்? அவர் கண்ட பதில், கிறிஸ்துவின் நீதி என் கணக்கில் எண்ணப்படுகிறது என்பது. ரோமர் 4-ஆம் அதிகாரம் அவருக்கு ஆதாரம். அந்த நீதி எனக்கு வெளியே இருந்து வருகிறது. நான் உள்ளுக்குள் இன்னும் பாவிதான். ஆனாலும் அதே நேரத்தில் நீதிமான். 1530-ல் வெளியான ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் நான்காவது கட்டுரை இதைச் சொல்கிறது. ஆறாவது கட்டுரை, இந்த விசுவாசம் நல்ல கனிகளைக் கொடுத்தே ஆகவேண்டும் என்கிறது. ஆறாவதையும் சேர்த்து வாசிக்காமல் லூத்தரைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஏராளம்.

திரெந்து சங்கம் என்ன சொன்னது? நீதிமானாக்கப்படுதல் பாவமன்னிப்போடு நிற்பதில்லை. உள்ளான மனிதன் புதுப்பிக்கப்படுவதும் அதற்குள் அடங்கும். கடவுள் ஒருவனை நீதிமான் என்றால் அவனை அப்படி ஆக்கவும் செய்கிறார். விசுவாசம் மீட்பின் தொடக்கம், அடித்தளம், வேர். ஆனால் நம்பிக்கையும் அன்பும் அதோடு சேராவிட்டால் அது கிறிஸ்துவோடு முழுமையாக இணைக்காது. முதலில் நீதிமானாக்கப்படும் அருளுக்கு முன்னால் நாம் செய்த எதுவும், விசுவாசமாக இருந்தாலும் செயலாக இருந்தாலும், அந்த அருளுக்கு விலையாகாது. பிறகு அருளோடு ஒத்துழைத்து வளரலாம். அந்தச் செயல்களுக்குக் கடவுள் பலன் தருகிறார். அந்தப் பலனும் அவர் கொடுத்த கொடைக்குத்தான்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நிஜமான வேறுபாடு மூன்று இடங்களில் தெரியும். முதலாவது, நான் நிற்கும் நீதி எனக்கு வெளியே இருக்கிறதா, எனக்குள் ஊற்றப்பட்டதா. இரண்டாவது, நீதிமானாக்கப்படுதல் ஒரே தீர்ப்பா, வளரக்கூடிய ஒன்றா. மூன்றாவது, நிச்சயம். இந்த மூன்றாவதுதான் மக்களின் நெஞ்சைத் தொடும் இடம் என்பது என் அபிப்பிராயம். கடவுளின் வாக்குறுதியை நம்புகிறவன் தன் மீட்பை நிச்சயமாக நம்பலாம், நம்பத்தான் வேண்டும் என்றது சீர்திருத்தம். கடவுளின் இரக்கத்தைச் சந்தேகிக்கக் கூடாது, ஆனால் தான் அருள்நிலையில் இருப்பதைத் தவறே நேராத விசுவாச நிச்சயத்தோடு யாரும் அறிய முடியாது என்றது திரெந்து. முதல் பத்தியில் பாப்டிஸ்ட் பட்டென்று பதில் சொன்னதும் கத்தோலிக்கர் யோசித்ததும் இதனால்தான். அவருக்கு விசுவாசம் குறைவு என்று அர்த்தமில்லை. அப்படிப் பட்டென்று சொல்வதை அவர் மரபு துணிகரம் என்று எச்சரித்திருக்கிறது.

யாக்கோபு 2:24 இந்த விவாதத்தில் கட்டாயம் வரும். "விசுவாசத்தினால் மாத்திரம்" என்ற சொற்சேர்க்கை புதிய ஏற்பாட்டில் வருவது அங்கே மட்டும்தான், அதுவும் மறுப்போடு. கத்தோலிக்கர் இதைக் காட்டுவார்கள். புராட்டஸ்டண்டுகள், யாக்கோபு பேசுவது பிசாசுகளுக்கும் இருக்கிற வெறும் ஒப்புதலைப் பற்றி என்று 2:19-ஐக் காட்டிப் பதில் சொல்வார்கள். இரண்டு பக்கமும் வாசித்துவிட்டுத்தான் பேசுகிறது. ஒரு வசனத்தைக் காட்டி யாரையும் வாயடைக்க முடியாது.

1999 அக்டோபர் 31 அன்று, அதே ஆக்ஸ்பர்க் நகரில், கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லூத்தரன் கூட்டமைப்பும் நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டன. நம்முடைய எந்தத் தகுதியாலும் இல்லாமல், கிருபையால் மட்டும், கிறிஸ்துவின் மீட்புச் செயலில் வைக்கும் விசுவாசத்தில் கடவுள் நம்மை ஏற்கிறார். நற்செயல்களுக்கு நம்மை ஆயத்தப்படுத்தும் தூய ஆவியையும் தருகிறார் என்பதை இரு தரப்பும் சேர்ந்து சொன்னது. இந்த அறிக்கையில் விளக்கியிருக்கும் போதனையை 16-ஆம் நூற்றாண்டின் கண்டனங்கள் தாக்காது என்றும் ஒப்புக்கொண்டன. 2006-ல் உலக மெதடிஸ்ட் மன்றம் சேர்ந்தது. 2016-ல் ஆங்கிலிகன் ஆலோசனை மன்றம் அதன் உள்ளடக்கத்தை வரவேற்றது. 2017-ல் சீர்திருத்த சபைகளின் உலக ஐக்கியமும் இணைந்தது. எல்லாம் தீர்ந்துவிட்டது என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவின் மிசூரி சினாடு போன்ற லூத்தரன் சபைகள் ஏற்கவில்லை. ஆர்த்தடாக்ஸ் சபைகளுக்கு இது வீட்டுக்கு வெளியே நடந்த சண்டை. ஆனாலும் அவர்களும் 1672-ல் எருசலேம் சங்கத்தில், அன்பினால் செயல்படும் விசுவாசமே நீதிமானாக்குகிறது, தனி விசுவாசம் அல்ல என்று கால்வினியத்துக்கு மறுப்பு எழுதியிருக்கிறார்கள்.

6. கடைசிச் சொல் யாருடையது?

ஒருவர் விசுவாசிக்கிறார், அவர் பக்கத்தில் உட்கார்ந்து அதே பிரசங்கத்தைக் கேட்டவர் விசுவாசிக்கவில்லை. ஏன்? கடவுள் ஒருவரைத் தெரிந்துகொண்டதாலா, அவர் சம்மதித்ததாலா? இந்தக் கோடு புராட்டஸ்டண்டு உலகத்தின் நடுவிலேயே ஓடுகிறது.

நெதர்லாந்தில் யாக்கோபு அர்மினியுஸ் 1609-ல் இறந்தார். மறுவருடம் அவர் வழியினர் ஐந்து கட்டுரைகளில் தங்கள் ஆட்சேபத்தை எழுதிக் கொடுத்தார்கள். 1618–19-ல் டோர்ட் நகரில் கூடிய சங்கம் அதை மறுத்துத் தந்த பதிலே பின்னாளில் "கால்வினியத்தின் ஐந்து குறிப்புகள்" ஆயிற்று: மனிதனின் முழுச் சீர்கேடு, நிபந்தனையற்ற தெரிந்துகொள்ளுதல், தெரிந்துகொள்ளப்பட்டவர்களுக்கான பரிகாரம், எதிர்க்க முடியாத கிருபை, முடிவுவரை நிலைநிற்றல். கால்வின் அதற்குள் இறந்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டது என்பதைக் கவனியுங்கள். இந்தப் பட்டியலை அவர் எழுதவில்லை. முன்குறித்தலை (யார் மீட்கப்படுவார் என்று கடவுள் முன்பே தீர்மானிப்பது) கண்டுபிடித்தவரும் அவர் இல்லை, அகுஸ்தீனிடமே அது இருக்கிறது. அர்மினியர்களைப் பற்றியும் ஒரு தவறான நினைப்பு உண்டு. கிருபை இல்லாமல் மனிதன் தானாக விசுவாசிக்க முடியாது என்று அவர்களுடைய 1610 கட்டுரைகளே சொல்கின்றன. அந்தக் கிருபையை எதிர்த்து நிற்க மனிதனால் முடியும் என்பதும், தெரிந்துகொள்ளுதல் முன்னறியப்பட்ட விசுவாசத்தோடு சேர்ந்தது என்பதும்தான் அவர்கள் வேறுபட்ட இடம்.

வெஸ்லி அர்மினியுஸின் பக்கம். அவருடைய நண்பர் ஜார்ஜ் வைட்ஃபீல்டு கால்வின் பக்கம். 1739-ல் வெஸ்லி முன்குறித்தலைத் தாக்கிப் பிரசங்கம் செய்தார், வைட்ஃபீல்டு பகிரங்கக் கடிதத்தில் பதில் கொடுத்தார். இருந்தும் 1770-ல் வைட்ஃபீல்டு இறந்தபோது லண்டனில் நினைவுப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லிதான்.

இதைப் புராட்டஸ்டண்டுகளின் தகராறு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கத்தோலிக்கரிடையே தொமினிக்கன் சபையாரும் இயேசு சபையாரும் இதே முடிச்சைப் பிடித்து இழுத்தார்கள். ரோமில் பல ஆண்டுகள் விசாரணை நடந்தது. 1607-ல் திருத்தந்தை ஐந்தாம் பவுல், ஒருவரை ஒருவர் கண்டனம் செய்யாதீர்கள் என்று சொல்லி இரு தரப்பையும் அனுப்பிவைத்தார். தீர்ப்பு இன்றுவரை வரவில்லை. ஆர்த்தடாக்ஸ் மரபு இந்தக் கேள்வியை இப்படிக் கூர்மையாக்குவதே இல்லை: கடவுள் எல்லா மனிதரும் மீட்கப்பட விரும்புகிறார் (1 தீமோத்தேயு 2:4), மனிதன் அவரோடு சேர்ந்து உழைக்கிறான், அவ்வளவுதான்.

7. எதன் வழியாகக் கிடைக்கிறது, இழக்க முடியுமா?

இதைச் சுருக்கமாகவே முடிக்கலாம். கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ், லூத்தரன் ஆகிய மூவருக்கும் ஞானஸ்நானம் உண்மையிலேயே மறுபிறப்பைத் தருகிறது. அதனால் குழந்தைகளுக்கும் கொடுக்கிறார்கள். ஆர்த்தடாக்ஸ் சபையில் அதே நாளில் குழந்தைக்கு நற்கருணையும் உண்டு. சீர்திருத்த சபைகளுக்கு அது உடன்படிக்கையின் அடையாளமும் முத்திரையும். பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே சபைகளுக்கு ஏற்கெனவே விசுவாசித்தவரின் கீழ்ப்படிதல். குவேக்கர்களும் இரட்சணிய சேனையும் ஞானஸ்நானமே கொடுப்பதில்லை. பெந்தெகொஸ்தே சபைகள் பேசும் ஆவியின் அபிஷேகம், அவர்களில் பெரும்பான்மையோருக்கு மீட்புக்குப் பிறகு வரும் தனி அனுபவம். அந்த அனுபவத்தின் அடையாளமாகப் பலர் கருதும் அந்நிய பாஷையைப் பேசாதவர் இரட்சிக்கப்படவில்லை என்று அவர்கள் எல்லோரும் சொல்வதாக நினைக்காதீர்கள்.

இழப்பு பற்றி: கத்தோலிக்கர், சாவான பாவத்தால் அருள்நிலை போகும், ஒப்புரவு அருட்சாதனத்தில் திரும்பக் கிடைக்கும் என்கிறார்கள். கால்வின் வழியினர், உண்மையாகவே மறுபிறப்படைந்தவர் கடைசிவரை காக்கப்படுவார், விலகிப் போனவர் ஆரம்பத்திலேயே அடையவில்லை என்கிறார்கள். மெதடிஸ்ட்டுகளும் பெரும்பாலான பெந்தெகொஸ்தேயினரும் இழக்கலாம் என்கிறார்கள். பாப்டிஸ்ட்டுகளில் பலர் ஒருமுறை இரட்சிக்கப்பட்டால் என்றென்றும்தான் என்கிறார்கள். பலர் எதிர்பார்க்காதது லூத்தரன் பதில்: ஆக்ஸ்பர்க் அறிக்கையின் 12-ஆவது கட்டுரை, ஒருமுறை நீதிமானானவர் ஆவியை இழக்கவே முடியாது என்பவர்களைக் கண்டிக்கிறது. யோவான் 10:28-29-ஐயும் எபிரெயர் 6:4-6-ஐயும் அடுத்தடுத்து வாசித்தால், இத்தனை பதில்கள் ஏன் வந்தன என்பது விளங்கிவிடும்.

8. இனி வாசிக்கவும் பேசவும்

முதலில் பைபிள் பகுதிகள். ரோமர் 3 முதல் 5 வரை, பிறகு யாக்கோபு 2 முழுவதும். எபேசியர் 2-ஐ 9-ஆம் வசனத்தோடு நிறுத்திவிடாமல் 10-ஐயும் சேர்த்து வாசியுங்கள். பிலிப்பியர் 2:12-13-ல் மனித முயற்சியும் கடவுளின் செயலும் ஒரே வாக்கியத்தில் வருகின்றன. ஒவ்வொரு பகுதிக்கும் பக்கத்தில் "இதை யார் அதிகம் எடுத்துக்காட்டுகிறார்கள், எந்தப் பகுதியில் தடுமாறுகிறார்கள்" என்று குறித்து வையுங்கள். தடுமாறும் இடத்தில்தான் ஒரு மரபு தன் உழைப்பைக் காட்டியிருக்கும்.

அடுத்து, ஒரு சபையைப் பற்றி அந்தச் சபையின் சொந்த ஆவணத்தில் வாசியுங்கள், எதிராளியின் துண்டுப்பிரதியில் அல்ல. கத்தோலிக்கத்துக்கு 1992-ல் வெளியான மறைக்கல்வி நூலில் 1987 முதல் 2029 வரையிலான பத்திகள். லூத்தரனுக்கு ஆக்ஸ்பர்க் அறிக்கை, அது சிறியது. சீர்திருத்த மரபுக்கு 1563-இன் ஹைடல்பெர்க் வினாவிடையோடு தொடங்குவது நல்லது. டோர்ட் விதிகளை நேராக எடுத்தால் மூச்சு முட்டும். வெஸ்லிக்கு அவருடைய பிரசங்கங்கள். ஆர்த்தடாக்ஸ் மரபுக்கு மட்டும் இப்படி ஓர் ஆவணத்தைக் கையில் கொடுப்பது கடினம். அவர்கள் போதனை வழிபாட்டில் இருக்கிறது, எனவே ஒரு வழிபாட்டுக்குப் போய் நின்று ஜெபங்களின் வார்த்தைகளைக் கவனியுங்கள்.

ஆட்களோடு பேசும்போது "உங்கள் சபை மீட்பைப் பற்றி என்ன சொல்கிறது" என்று கேட்டால் மனப்பாடமாக ஏதாவது வரும். அதைவிட நல்ல கேள்விகள் உண்டு. பெரிய பாவம் ஒன்றில் விழுந்த சபை அங்கத்தினரிடம் உங்கள் போதகர் முதலில் என்ன சொல்வார்? ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தையின் பெற்றோரிடம் என்ன சொல்வீர்கள்? சுவிசேஷத்தைக் கேள்விப்படாமலே வாழ்ந்து இறந்தவரைப் பற்றி? (இதற்குக் கத்தோலிக்கர் 1964-இன் இரண்டாம் வத்திக்கான் சங்க ஏடு ஒன்றைக் காட்டுவார்கள், தன் குற்றமின்றிக் கிறிஸ்துவை அறியாதவர் அருளின் உதவியோடு மனசாட்சியின்படி கடவுளைத் தேடினால் மீட்படைய முடியும் என்கிறது அது. சுவிசேஷ சபைகளில் ஒரே பதில் கிடைக்காது.) அடக்க ஆராதனையில் இறந்தவருக்காக ஜெபிப்பீர்களா? கத்தோலிக்கர் ஜெபிப்பார்கள், இறந்தபின் ஆன்மா தூய்மையாக்கப்படும் உத்தரிக்கும் நிலையை நம்புவதால். ஆர்த்தடாக்ஸ் சபையாரும் ஜெபிப்பார்கள், ஆனால் கத்தோலிக்கர் வரையறுத்த அந்த நிலையை ஏற்காமல். பெரும்பாலான புராட்டஸ்டண்டுகள் இறந்தவருக்காக நன்றி சொல்லிவிட்டு இருப்பவர்களின் ஆறுதலுக்காக ஜெபிப்பார்கள். இரங்கல் வீட்டில் வைத்து இதைக் கேட்காதீர்கள். வேறொரு நாள், சாவகாசமாக உட்கார்ந்திருக்கும்போது கேளுங்கள். பதிலுக்குப் பிறகு "ஏன்" என்று இன்னொரு முறை கேட்டால், மேலே உள்ள மூன்றாவது படிக்கே பேச்சு திரும்பி வரும்.